மூணு வயரும் ஒரே கலர்

அத்தியாயம் 9

போன வாரம் அப்பாவின் விரலை மவுஸ் மேல் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். மனிதர் ஒரு வாரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார், பாவம். முதலில் அவரை இறக்கிவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் மூன்று பேர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தரும் அம்மா. பெயின்ட் கடையில் கலர் கலக்கும் அப்பா. பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கும் மகள். வயது இருபத்தாறு ஆகிவிட்டாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான்.

தொண்டையில் வந்த கட்டிக்காக அம்மாவின் குரல்வளையையே டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனி பயமில்லை. ஆனால் குரல் போனது போனதுதான். கழுத்தில் ஒரு மெல்லிய துணி, மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர். அம்மாவின் பேச்சு இப்போது இவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். அம்மாவின் பழைய குரல் கொஞ்சம் நீளமாக, தெளிவாகக் கிடைத்தால், அதைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிடலாம். அப்புறம் அம்மா டைப் அடிப்பதை அவள் குரலிலேயே அது பேசும். அந்தக் குரலோடு மறுபடியும் ஸ்கூல் காரில் போய் உட்கார வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அதுதான். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

சரி, குரலுக்கு எங்கே போவது? டி.வி.க்குக் கீழே ஷெல்ஃபில் இருக்கும் டிவிடி ரெக்கார்டருக்குள் போகவேண்டும். பாப்பா சின்னவளாக இருந்தபோது வீட்டில் எடுத்த வீடியோ கேசட்டுகளை எல்லாம் அப்பா அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஏற்றி வைத்திருக்கிறார். கேமராவும் போய்விட்டது, கேசட்டுகளும் போய்விட்டன. ரெக்கார்டரின் தட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது, அதனால் டிஸ்க்கில் எழுதி எடுக்கவும் வழியில்லை.

"எந்த வீடியோவுலயும் அவ இல்லையே" என்று அப்பா கையை விரித்ததும், "கேமரா யார் கையில் இருந்தது?" என்று அம்மா பலகையில் எழுதிக் காட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். படத்தில் முகம் இல்லை. ஆனால் மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்தக் குரல்தான்.

ஆகவே போன வாரம், சித்தப்பா போனில் கொடுத்த யோசனைப்படி அப்பா ரெக்கார்டரைப் பிரித்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினார். சித்தப்பாவுக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "இதை என்னால் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. அப்பா "ஆம்" மேல் மவுஸைக் கொண்டுபோனார்.

அப்போது தரையில் தொம்மென்று ஒரு சத்தம்.

அம்மாவின் வலது கால். ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டிப் பழகுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதிக்க வேண்டும். காலமெல்லாம் மிதித்த கால் வீட்டிலும் சும்மா இருக்காது. ஓட்டிப் பழகுகிற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேரே பிரேக்கம்மா.

அப்பா திடுக்கிட்டுக் கையை எடுக்க, பாப்பா ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள்.

"ஃபார்மட்னா என்னன்னு தெரியுமாப்பா?"

"ஒழுங்குபடுத்துறது."

"துடைச்சு எடுக்கிறது. அம்மா குரலை மொத்தமா துடைச்சுட்டு, வெறும் டிஸ்க்கை உங்க கையில குடுத்திருக்கும்."

டிஸ்க் மறுபடி ரெக்கார்டருக்குள் போயிற்று. போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் பத்திரமாக இருந்தது. அந்த மட்டும் தப்பித்தோம்.

*

இன்று ஞாயிற்றுக்கிழமை. பாப்பா தன் அறையிலிருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து ஹாலில் ஷெல்ஃபுக்குப் பக்கத்தில் வைத்தாள். மானிட்டர் தலைமேல் ஒரு வெப்கேமரா உட்கார்ந்திருக்கிறது. டாக்டரம்மாவோடு வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய வாங்கியது. அதை இப்போதே ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

"டிஸ்க்கைக் கழட்டவே வேண்டாம்" என்றாள் பாப்பா. "ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடட்டும். டி.வி.க்குப் போற படமும் சத்தமும் இந்த டப்பா வழியா கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் பதிவு பண்ணிக்கும்."

தீப்பெட்டியை விடச் சின்ன டப்பா. ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் சொருகுவது. மறுபக்கம் மூன்று ஓட்டை. படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்குச் சிவப்பும் வெள்ளையும். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. மற்ற வீடுகளில்.

அப்பா ஷெல்ஃபுக்குப் பின்னால் கையை விட்டுப் பழைய வயரை இழுத்தார். மூன்று வயர் சேர்ந்த கற்றை. இந்த முனையில் மூன்று தலை, அந்த முனையில் மூன்று தலை. ஆறும் ஐவரி கலர்.

பாப்பா வயரையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள்.

"இதுல மஞ்சள் எது?"

"எல்லாமே ஐவரி."

"அது தெரியுது. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி கண்றாவியா இருந்தது. மஞ்சளாம், சிவப்பாம். ஷெல்ஃபோட சேரவே இல்லை."

இப்படித்தான் இவர். கடையில் டின் அடியில் மீந்த பெயின்ட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். வீட்டில் எது அசையாமல் இருந்தாலும் அதன்மேல் ஒரு கோட்டிங் விழும். ஸ்விட்ச் போர்டு, குடைக்கம்பி, சைக்கிள் பெல் எதுவும் தப்பவில்லை. பெல் அன்றோடு ஊமையாகிவிட்டது.

அம்மா பலகையில் எழுதிக் காட்டினாள். "என்னை விட்டுவெச்சாரே."

பாப்பா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

ரெக்கார்டரின் முதுகில் இரண்டு வரிசை ஓட்டைகள். ஒன்று "இன்", ஒன்று "அவுட்". அப்பா "இன்"னில் சொருகப் போனார்.

"அவுட்லப்பா."

"கம்ப்யூட்டருக்கு உள்ளதானே போகுது?"

"ரெக்கார்டர்லருந்து வெளியதானே வருது?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு "அவுட்"டில் சொருகினார். எந்த வயர் எதுவென்று தெரியாததால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் திரை நீலமாகவே நின்றது. அடுத்ததில் கோடு கோடாக ஓடியது. பல்செட் லேபில் கடுகளவு மெழுகை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள் பாப்பா. அவளுக்குப் பொறுமை போகாது. மறுபடி மாற்றினாள்.

படம் வந்தது.

மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குட்டிப் பெண், முன்பல் இல்லாமல், கேமராவை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே மெலிந்த ஒரு அப்பா, தலை நிறைய முடியோடு.

"இது யாரு?" என்றாள் பாப்பா.

"ஏன், பார்த்தா தெரியலையா?" என்று அப்பா தலையைத் தடவிக்கொண்டார்.

பாப்பா சைக்கிளை முதலிலிருந்து போட்டுப் பதிவை ஆரம்பித்தாள். படம் சரி. சத்தம் மட்டும் வரவில்லை.

"ரெக்கார்ட் ஆகும்போது சத்தம் வெளியே வராது பாப்பா. அந்தக் காலத்து டேப்லயே அப்படித்தான்" என்றார் அப்பா, எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு, சத்தத்தின் அளவைக் காட்டுவது, அவர் பேசப் பேச எகிறிக் குதித்தது. பாப்பா அதைக் காட்டினாள். "ஆமாம், சத்தம் போயிட்டுதான் இருக்கு. கோடு ஆடுது பாருங்க."

மூன்று பேரும் திருப்தியாக உட்கார்ந்து ஊமைப்படம் பார்த்தார்கள். பதிவு ஓடியது.

சைக்கிள் முடிந்து வேறொரு நாள் வந்தது. இதே ஹால். இதே ஷெல்ஃப், ஆனால் பழுப்பு மர நிறத்தில் பாதி, ஐவரியில் பாதி. அப்பா பிரஷ்ஷோடு உட்கார்ந்து கேமராவைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். பக்கத்தில் பாப்பா மூக்கு நுனியில் பெயின்ட்டோடு நிற்கிறாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரைவிங் ஸ்கூலில் வாங்கிய முதல் சம்பளத்தில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஷெல்ஃப் அது. மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டது. ஒருநாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் பாதி வெள்ளையாகி இருந்தது. திட்டுவதற்கு முன்னால் கேமராவை எடுத்தாள், சாட்சி வேண்டுமே என்று. அப்போது என்ன சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு.

"என்னம்மா சொன்னீங்க அப்ப?"

அம்மா கையை ஆட்டினாள். அப்புறம் கேட்டுக்கொள் என்று அர்த்தம். எழுந்து, துவைத்த துணிகளை வாளியோடு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

*

அம்மா போனதும் அப்பா நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட இப்ப சொல்லாதே."

"என்னப்பா?"

"ஸ்கூல் ஓனர் போன வாரம் போன் பண்ணியிருந்தார். அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டார். நான், அவ இனிமே வர மாட்டான்னு சொல்லிட்டேன்."

பாப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவா? போறேன்னுதான் சொல்லுவா."

"அப்புறம் எப்படிப்பா நீங்க சொன்னீங்க?"

அப்பா டீ டம்ளரில் ஸ்பூனை விட்டுச் சுற்றினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

"அவளே சொல்லச் சொன்னதாத்தான் சொன்னேன்."

"அப்பா."

"இல்ல பாப்பா, நீ யோசிச்சுப் பாரு. ரோட்டுல ஒருத்தன் திடீர்னு குறுக்க வர்றான். இவ டைப் அடிச்சு, அது பேசி, ஓட்டுறவன் அதைக் கேட்டு... நடக்கிற காரியமா?"

"அதுக்குத்தானே கால்ல பிரேக் இருக்கு. இத்தனை வருஷத்துல வாயாலயா காரை நிறுத்தினாங்க?"

அப்பா ஸ்பூனை வெளியே எடுத்து வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "ஆஸ்பத்திரி வராண்டாவுல அந்தப் பெஞ்சில உட்கார்ந்திருந்தேன் பாரு, அப்பவே பாதி உயிர் போச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. அவ வீட்டுல இருந்தா நான் நிம்மதியா கடைக்குப் போவேன். இவ்வளவுதான் என் ஆசை. தப்பா?"

பாப்பாவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆசை தப்பில்லப்பா. ஆனா அம்மா இந்தக் குரலைத் தேடுறதே அந்தக் கார்ல போய் உட்காரத்தான். நீங்களும் ஒரு மாசமா கூடவே தேடுறீங்க. இங்க தேடிக்கிட்டே அங்க கதவைச் சாத்திட்டு வந்திருக்கீங்க. இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன். நேரம் பார்த்துச் சொல்றேன்."

ஓரத்தில் பச்சைக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது.

*

அம்மா காலி வாளியோடு திரும்பி வந்தபோது பதிவு முடிந்திருந்தது. ஆளுக்கொரு நாற்காலி போட்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டாள். தன் குரலைத் தானே கேட்கப் போகிறாள்.

பாப்பா போட்டாள். மூன்று சக்கர சைக்கிளில் குட்டிப் பெண் வந்தாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"ரெக்கார்ட் ஆகும்போது சத்தம் வெளியே வராது பாப்பா" என்றது ஸ்பீக்கர், அப்பாவின் குரலில்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. வெப்கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல ஒரு மைக் இருக்கு. கம்ப்யூட்டர் டப்பாவுலருந்து சத்தத்தை எடுக்கலை. இங்கருந்து எடுத்திருக்கு. படம் அன்னிக்கு உள்ளது, பேச்சு இன்னிக்கு உள்ளது."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குட்டிப் பாப்பா சைக்கிள் ஓட்ட, பின்னணியில் அப்பா பிஸ்கட் கடிக்கிற சத்தம். ஷெல்ஃப் வந்தது. "என்னம்மா சொன்னீங்க அப்ப?" என்று பாப்பாவின் குரல் கேட்டது. பிறகு வாளி உரசும் சத்தம், கதவுச் சத்தம்.

அப்பாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"போதும் பாப்பா, நிறுத்து. வேஸ்ட் தானே இது" என்று மவுஸுக்குக் கையை நீட்டினார்.

தரையில் தொம்மென்று கால் விழுந்தது. அப்பாவின் கை நடுவழியில் நின்றது.

ஸ்பீக்கர் பேசியது. அம்மாகிட்ட இப்ப சொல்லாதே என்றது. இனிமே வர மாட்டான்னு சொல்லிட்டேன் என்றது. அவளே சொல்லச் சொன்னதாத்தான் சொன்னேன் என்றது. திரையில் ஒரு பூங்காவில் குட்டிப் பாப்பா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா ஊஞ்சலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். எனக்குப் பயமா இருக்கு என்பதையும் கேட்டாள். அப்போது மட்டும் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள்.

முடிந்தது.

"நான்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மாவுக்குக் கோபம். சாதாரணக் கோபம் இல்லை. குரல் இருந்திருந்தால் தெருமுனை வரை கேட்டிருக்கும். மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கை அகலமே உள்ள அந்தப் பலகையில் இந்தக் கோபத்தை எப்படி எழுதுவது? மூடியைப் போட்டுவிட்டு மகளைப் பார்த்து, மானிட்டரைக் காட்டி, காதைத் தொட்டாள்.

பாப்பா புரிந்துகொண்டாள். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தாள். ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்ற இடத்தில் வெப்கேமரா என்று இருந்தது. அதை மாற்றி டப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். "இப்ப வரணும்மா" என்றாள்.

அம்மா ரெக்கார்டரின் ரிமோட்டை எடுத்தாள். சைக்கிளைத் தாண்டினாள். பழுப்பும் ஐவரியுமான ஷெல்ஃப் வந்ததும் நிறுத்தினாள். திரையில் அப்பா அசட்டுச் சிரிப்போடு பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி உறைந்திருந்தார்.

ரிமோட்டை அழுத்தினாள்.

"ஏங்க, யாரைக் கேட்டு இதுல கையை வெச்சீங்க?"

அம்மாவின் குரல். கணீரென்று, கொஞ்சம் மூச்சிரைக்க, பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது போல. பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்காத குரல்.

"இல்ல, மீந்துபோன பெயின்ட்..." என்றார் அன்றைய அப்பா.

"மீந்துபோச்சுன்னா? வாங்கினது நான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல? எனக்கென்ன வாயில்லையா? கேட்டா சொல்ல மாட்டேனா?"

அம்மா நிறுத்தினாள். பின்னுக்குத் தள்ளினாள். மறுபடி போட்டாள்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல? எனக்கென்ன வாயில்லையா? கேட்டா சொல்ல மாட்டேனா?"

இரண்டாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை. சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருக்கணும்" என்றார். "தப்புதான். கேட்டிருக்கணும்."

அம்மா எழுந்து, மேசை மேலிருந்த அவருடைய போனை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு தன் நாற்காலியை அவருக்கு ஒட்டினாற்போல இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

அப்பா டயல் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் ஓனர்.

"சார், போன வாரம் நான் சொன்னேன் பாருங்க, அவ இனிமே வர மாட்டான்னு. அது அவ சொன்னது இல்ல. நானா சொன்னது. அவளுக்குத் தெரியவே தெரியாது."

"என்ன சார் இது. நேத்து சாயங்காலம்தான் அந்த இடத்துக்கு வேற ஒருத்தரை வரச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வண்டியில ஏறப் போறாங்க. இப்ப வந்து சொன்னா நான் என்ன பண்றது?" பெருமூச்சு விட்டார். "அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"என்ன பண்ணலாம்கிறாங்க?"

அப்பா வாயைத் திறந்தார். பழக்கதோஷம், பதில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"இருங்க சார்" என்றார். "அவளையே கேட்கிறேன்."

போனை அம்மா பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, மார்க்கரின் மூடியைத் திறந்தாள்.